ஓட்டில்லாத நாற்காலி

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த அரசியல் வகுப்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)

இன்றைய வகுப்பின் தலைப்பைச் சொன்னதும் பின்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. "பஞ்சப்படி பாக்கி நிற்கிறது, அறுப்புக் கூலி தகராறு நிற்கிறது, ஊனமுற்றவர்களுக்குப் பஞ்சாயத்தில் இடமா இல்லையா என்ற கோர்ட்டு விவகாரம் நமக்கு எதற்கு?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஒளித்து வைக்காமல் கேட்டதற்கு அவரைப் பாராட்ட வேண்டும்.

மில் தோழர்கள் ஒரு நிமிஷம் தங்கள் கைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். கார்டிங்கிலும் புளோரூமிலும் இருபது வருஷம் நின்றவர்களில் பத்து விரலும் முழுசாக இருப்பவர்கள் எத்தனை பேர்? 1923ம் வருஷத்து நஷ்டஈட்டுச் சட்டம் நமது உடம்புக்கு ஒரு விலைப்பட்டியல் போட்டு வைத்தது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதம் நஷ்டம். ஒரு கையில் நான்கு விரலும் போனால் 50 சதம். ஆடு வெட்டுகிறவன்கூட இவ்வளவு கணக்காகப் பங்கு போடமாட்டான்! விவசாயத் தோழர்களைக் கேட்போம். கதிரடிக்கும் மிஷினில் கை கொடுத்தவர் உங்கள் தெருவில் இல்லையா? தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்து பதினைந்து வருஷமாகக் கயிற்றுக் கட்டிலில் கிடப்பவர் இல்லையா? பூச்சிமருந்து அடித்துக் கண் மங்கியவர் இல்லையா?

2011 ஜனக்கணக்கு என்ன சொல்கிறது? நாட்டில் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத் திறனாளிகள். நூற்றுக்கு 69 பேர் கிராமத்தில் இருக்கிறவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம். இவர்களெல்லாம் யார்? வேறு ஏதோ ஜாதியா, வேறு ஏதோ தேசமா? நம்மவர்கள். பிறவியிலேயே அப்படி ஆனவர்களிலும், கர்ப்பத்தில் தாய்க்குச் சத்தான சாப்பாடும் பிரசவத்தில் டாக்டரும் இல்லாததால் ஆனவர்கள் அனேகம். ஆகவே இது தர்மச் சத்திரத்து விவகாரமல்ல, தொழிலாளி வர்க்கத்தின் விவகாரம்.

ஊனமுற்றோர் என்று சொல்லி வந்ததை இப்போது மாற்றுத் திறனாளிகள் என்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம். மரியாதையான சொல் வேண்டியதுதான். சொல்லைக் கொடுத்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்கிறார்களே, அங்கேதான் தகராறு.

விஷயத்துக்கு வருவோம். 2025 ஏப்ரல் 16ம் தேதி தமிழ்நாடு சட்டசபையில் அப்போதைய முதலமைச்சர் ஸ்டாலின் இரண்டு மசோதாக்கள் கொண்டுவந்தார். ஒன்று நகர்ப்புற ஸ்தல ஸ்தாபனங்களுக்கு, மற்றொன்று பஞ்சாயத்துகளுக்கு. நகரசபை, மாநகராட்சி, டவுன் பஞ்சாயத்து எல்லாவற்றிலும் மாற்றுத் திறனாளிகளை அங்கத்தினர்களாக நியமிப்பது. கிராமப் பஞ்சாயத்து, ஒன்றியம், ஜில்லாப் பஞ்சாயத்து இவற்றிலும் அப்படியே. அந்தச் சமயத்தில் நகர்ப்புற ஸ்தாபனங்கள் அனைத்திலும் சேர்த்து மாற்றுத் திறனாளிகள் 35 பேர்தான் இருந்தார்கள். சட்டம் வந்தால் 650 பேர் வருவார்கள் என்று சொன்னார்கள். கிராமப் பஞ்சாயத்துகளில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல், ஒன்றியங்களில் 388, ஜில்லாப் பஞ்சாயத்துகளில் 37 என்று கணக்குக் கொடுத்தார்கள். மசோதா நிறைவேறியது, கவர்னர் ஒப்புதலும் கிடைத்தது, ஜூலையில் விண்ணப்பம் வாங்கினார்கள்.

நல்ல காரியம். நல்ல காரியத்தை நல்ல காரியம் என்று சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை. மாற்றுத் திறனாளிகள் ஊர்வலம் போனார்கள், மறியல் செய்தார்கள், போலீஸ் வேனில் ஏற்றப்பட்டார்கள். மூன்று சக்கர வண்டியோடு தெருவில் உட்கார்ந்தார்கள். அதன் பலன் இது. எந்த மந்திரியும் கனவு கண்டு எழுந்து கொடுத்ததல்ல.

ஆனால் கோர்ட்டு விவகாரம் எங்கே வருகிறது? அதற்குக் கொஞ்சம் வடக்கே, ஒடிஷாவுக்குப் போகவேண்டும்.

1950ம் வருஷத்து ஒரிஸ்ஸா முனிசிபல் சட்டத்தில் ஒரு ஷரத்து இருந்தது. குஷ்டரோகம் உள்ளவர் கவுன்சிலராக நிற்கக்கூடாது. கவுன்சிலரான பிறகு வந்தாலும் பதவி போய்விடும். 1964ம் வருஷத்து கிராமப் பஞ்சாயத்துச் சட்டத்தின் 25வது ஷரத்து இன்னும் ஒரு படி மேலே போனது. காது கேளாத, வாய் பேசாதவருக்குத் தகுதியில்லை, க்ஷயரோகம் உள்ளவருக்குத் தகுதியில்லை, தொற்றும் குஷ்டம் உள்ளவருக்கும் தகுதியில்லை என்றது. பைத்தியம், திவாலானவன், ஜெயிலுக்குப் போனவன், இவர்களோடு ஒரே வரிசையில் இவர்களையும் நிறுத்தி வைத்தார்கள். இருமுகிற ஏழையும் திவாலான வியாபாரியும் சட்டத்துக்கு ஒன்று!

முனிசிபாலிடியில் ஜனங்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த ஒருவரின் பதவி இந்த ஷரத்தினால் பறிபோயிற்று. வழக்கு ஒரிஸ்ஸா ஹைகோர்ட்டுக்குப் போய், சுப்ரீம் கோர்ட்டுக்கும் வந்தது. 2008 நவம்பரில் தீர்ப்பு. என்ன தீர்ப்பு? ஷரத்து செல்லும். நோய் உள்ளவரை ஒதுக்கி வைப்பது நியாயமான பாகுபாடுதான், அரசியல் சட்டத்தின் 14வது ஷரத்து சொல்லும் சமத்துவத்துக்கு விரோதமில்லை என்று இரண்டு நீதிபதிகள் சொன்னார்கள். கூடவே, இந்த நோய் இப்போது குணமாகக் கூடியது, எனவே இத்தகைய ஷரத்து இன்னும் வேண்டுமா என்று சட்டசபை யோசிக்கலாம் என்றும் எழுதினார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். 1982லேயே கூட்டு மருந்து வந்துவிட்டது. ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருஷம் மாத்திரை சாப்பிட்டால் குஷ்டம் தீரும். மருந்து ஆரம்பித்த சில நாளிலேயே தொற்றும் தன்மை போய்விடும். 2005 முடிவில், பதினாயிரத்துக்கு ஒருவர் என்ற கணக்குக்குக் கீழே நோயைக் கொண்டுவந்துவிட்டோம் என்று இந்திய சர்க்காரே பறைசாற்றியது. அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தான் இந்தத் தீர்ப்பு! சுகாதார மந்திரி சபை ஒரு பக்கம் நோய் ஒழிந்தது என்கிறது, சட்டப் புஸ்தகம் இன்னொரு பக்கம் நோயாளி கிட்டே வராதே என்கிறது. மனித உடம்பிலிருந்து கிருமி ஆறு மாதத்தில் போய்விடுகிறது. சட்டப் புஸ்தகத்திலிருந்து அது போக ஐம்பது அறுபது வருஷமாகிறது. 1898ம் வருஷத்தில் வெள்ளைக்காரன் போட்ட குஷ்டரோகிகள் சட்டத்தை நாம் 2016ல்தான் ரத்து செய்தோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த முனிசிபல் ஷரத்தும் பின்னால் நீக்கப்பட்டது. ஆனால் நாடு முழுவதும் சுமார் நூறு சட்டங்களில் இத்தகைய ஷரத்துகள் கிடக்கின்றன என்று சுப்ரீம் கோர்ட்டிலேயே எடுத்துச் சொல்லப்பட்டது. அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்கக் கமிட்டி போடுங்கள் என்று 2025ல் ராஜ்ய சர்க்கார்களுக்கு அந்தக் கோர்ட்டு உத்தரவிட்டது.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்த மாதிரி ஷரத்து யாருக்கு எதிராகப் பிரயோகமாகிறது? ஊரில் நூறு ஏக்கர்காரர் ஒருவர் இருக்கிறார்; கால் விளங்காது, காது கேட்காது, கையெழுத்து நடுங்கும். அவர் பிரஸிடெண்டாக இருந்தால் யாராவது வழக்குப் போட்டதுண்டா? "அய்யாவுக்கு உடம்பு சௌகரியமில்லை" என்பார்கள். குமாஸ்தா படித்துக் காட்டுவார். கார் வாசலில் நிற்கும். அதே காது, அதே கால், சேரியிலிருந்து வந்தவனுக்கு இருந்தால் அப்போது அது சட்டப் பிரச்னையாகிவிடும். தேர்தலில் தோற்றவர்கள் டாக்டர் சர்ட்டிபிகேட்டைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடுவார்கள்.

சரி, கோர்ட்டுகள் ஏன் இப்படிச் சொல்கின்றன? இதற்கு ஒரு வேர் இருக்கிறது. அது நம்முடைய அன்றைய சேலம் ஜில்லாவிலேயே, நாமக்கல் தொகுதியிலேயே கிடக்கிறது. முதலாவது பொதுத் தேர்தலில் மதராஸ் சட்டசபைக்கு நாமக்கல்லில் நிற்க பொன்னுசாமி என்பவர் மனுப் போட்டார். தேர்தல் அதிகாரி தள்ளிவிட்டார். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 1952 ஜனவரியில் தீர்ப்பாயிற்று. தேர்தலில் நிற்பதும் ஓட்டுப் போடுவதும் பிறப்போடு வந்த உரிமையல்ல, சட்டம் கொடுத்தால் உண்டு, சட்டம் வைக்கிற எல்லைக்குள்தான் உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். குடியரசு பிறந்து இரண்டு வயசுகூட ஆகவில்லை!

முப்பது வருஷம் கழித்து இதே கொள்கை இன்னொரு வழக்கில் வந்தது; அந்த வழக்கின் பெயர் நமக்கெல்லாம் தெரிந்த பெயர். 1980ல் வங்காளத்தில் பாரக்பூர் தொகுதியில் தோழர் முகம்மது இஸ்மாயில் ஜெயித்தார். தோற்றவர் போட்ட வழக்கில் முதலமைச்சர் தோழர் ஜோதி பாசுவையும் இழுத்துவிட்டார். 1982ல் சுப்ரீம் கோர்ட்டு, ஜோதி பாசுவைக் கட்சியாகச் சேர்க்க முடியாது என்று தீர்ப்பளித்தது. நமக்குச் சாதகமான தீர்ப்புத்தான். ஆனால் அதற்குச் சொன்ன காரணத்தைப் பாருங்கள்: தேர்ந்தெடுக்கும் உரிமை ஜனநாயகத்துக்கு எவ்வளவு ஆதாரமானதாக இருந்தாலும் விசித்திரமாக அது அடிப்படை உரிமையும் அல்ல, வெறும் சட்டம் கொடுத்த உரிமையே என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதினார். "விசித்திரமாக" என்று அவரே எழுதியதை மட்டும் நாம் மறக்கவில்லை.

சட்டம் கொடுத்த உரிமை என்றால், சட்டம் எடுத்துக்கொள்ளவும் முடியும். 2015ல் ஹரியானா சர்க்கார் அதைத்தான் செய்தது. பஞ்சாயத்துக்கு நிற்க மெட்ரிகுலேஷன் பாஸ் செய்திருக்க வேண்டும்; பெண்கள் எட்டாவது, தாழ்த்தப்பட்ட பெண்கள் மெம்பருக்கு நிற்க ஐந்தாவது. வீட்டில் கக்கூஸ் இருக்க வேண்டும், கூட்டுறவு பாங்கிக் கடன் பாக்கி இருக்கக் கூடாது, மின்சார பில் பாக்கி இருக்கக் கூடாது. இதை எதிர்த்து ஜனநாயக மாதர் சங்கத் தோழர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2015 டிசம்பர் 10ல் சுப்ரீம் கோர்ட்டு, சட்டம் செல்லும் என்றது. பார்லிமெண்டுக்கு நிற்கப் படிப்பு வேண்டாம், ராஷ்டிரபதியாகப் படிப்பு வேண்டாம், ஹரியானாவில் ஒரு வார்டு மெம்பராகப் படிப்பு வேண்டும்! பள்ளிக்கூடம் கட்டாதது யார் குற்றம்? கக்கூஸ் கட்ட இடம் இல்லாதது யார் குற்றம்? வெள்ளைக்காரன் காலத்தில் வரி கட்டுகிறவனுக்கும் படித்தவனுக்கும்தான் ஓட்டு என்றிருந்தது. முன்வாசல் வழியாகத் துரத்திய அந்தப் பேய் கொல்லைவாசல் வழியாகத் திரும்பி வந்தது. இந்தத் தகுதிப் பட்டியலும் ஒரிஸ்ஸா சட்டத்தின் நோய்ப் பட்டியலும் ஒரே பேனா எழுதியவை.

நீதிமன்றங்கள் எப்போதும் ஒரே பக்கம்தான் என்றும் சொல்லிவிட முடியாது. 2025 மார்ச் 3ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பில், கண் பார்வை இல்லாதவர் நீதிபதி உத்தியோகத்துக்குத் தகுதியற்றவர் என்று ஒதுக்கக்கூடாது என்று மத்தியப் பிரதேச விதியை ரத்து செய்தது. 2024 நவம்பர் 8ல் இன்னொரு தீர்ப்பில், பொதுக் கட்டடங்களில் சாய்தளம் முதலிய வசதிகள் செய்வது சர்க்கார் இஷ்டமல்ல, கட்டாயம் என்றது. பார்வை இல்லாதவர் தீர்ப்பு எழுதலாம் என்றால், அவர் தெருவிளக்கைப் பற்றித் தீர்மானம் போடக் கூடாதா?

இனி நம் சட்டத்துக்குத் திரும்புவோம். இதன் உள்ளே ஒரு முடிச்சு இருக்கிறது. அதை யாராவது கோர்ட்டில் அவிழ்க்கப் பார்க்கலாம். எதிரி வக்கீல் பேசுவதை நாமே முன்கூட்டித் தெரிந்துகொள்வது நல்லது.

1993ல் அமலுக்கு வந்த பஞ்சாயத்து, நகரசபைத் திருத்தங்கள் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் ஆதிவாசிகளுக்கும் ஜனத்தொகைக்கு ஏற்ற இடம் கொடுத்தன. பெண்களுக்கு மூன்றில் ஒன்று. தமிழ்நாட்டில் அதை 2016ல் பாதியாக்கினார்கள். பிற்பட்டவர்களுக்கு ராஜ்ய சர்க்கார் விரும்பினால் கொடுக்கலாம். மாற்றுத் திறனாளிகள்? ஒரு வார்த்தை இல்லை. 2016ம் வருஷத்து உரிமைச் சட்டமும் உத்தியோகத்தில் 4 சதம் என்றது. சபைகளில் இடம் பற்றிப் பேசவில்லை. தேர்தலில் ஒதுக்கீடு என்ற வாசல் மூடியிருந்ததால்தான் சென்னை சர்க்கார் நியமனம் என்ற ஜன்னல் வழியாகப் போயிற்று. சத்தீஸ்கரும் 2019ல் பஞ்சாயத்துச் சட்டத்தைத் திருத்தி இந்த மாதிரி வழியைத்தான் பிடித்தது.

ஜன்னலின் அளவைப் பார்ப்போம். நகரசபை விஷயத்தில் அரசியல் சட்டத்தின் 243-ஆர் ஷரத்து, நகர நிர்வாகத்தில் விசேஷ அறிவோ அனுபவமோ உள்ளவர்களை நியமிக்கலாம் என்கிறது. உடனே, அவர்களுக்குக் கூட்டத்தில் ஓட்டு கிடையாது என்றும் சொல்கிறது. பஞ்சாயத்து விஷயத்தில் 243-சி ஷரத்து, எல்லா இடங்களும் நேரடித் தேர்தலால் நிரப்பப்பட வேண்டும் என்கிறது; எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கும் கீழ்ச்சபைத் தலைவர்களுக்கும் தனி வழி இருக்கிறது, நியமன மெம்பர் என்று அங்கே யாரும் இல்லை. கால் இல்லாதிருப்பது நகர நிர்வாகத்தில் விசேஷ அனுபவமா என்று ஒரு வக்கீல் கிண்டலாகக் கேட்கலாம். ஆமாம் என்பதே நமது பதில். சாக்கடைக்கு மூடி இல்லாத தெருவில் கோலூன்றி நடக்கிறவனுக்கு உள்ள முனிசிபல் அனுபவம் எந்த என்ஜினீயருக்கு உண்டு? ஆனால் கோர்ட்டில் இது போதுமா என்பது வேறு விஷயம்.

நியமன அங்கத்தினர் என்றால் எப்படியிருக்கும் என்பதற்கு டெல்லி மாநகராட்சி ஒரு பாடம். 2022 டிசம்பரில் அங்கே தேர்தல் நடந்தது. 250 இடத்தில் ஆம் ஆத்மிக்கு 134, பா.ஜ.க.வுக்கு 104. துணைநிலை கவர்னர் பத்துப் பேரை நியமித்தார். மேயர் தேர்தலில் இந்தப் பத்துப் பேரும் ஓட்டுப் போடுவார்கள் என்று கிளம்பியதும் கூச்சல், குழப்பம். மூன்று தடவை கூட்டம் கலைந்தது. 2023 பிப்ரவரி 17ல் சுப்ரீம் கோர்ட்டு, நியமனம் பெற்றவருக்கு ஓட்டில்லை என்று தீர்த்தது. அந்தத் தீர்ப்பு சரியானது. கவர்னர் தமக்கு வேண்டியவர்களைக் கொண்டுவந்து கொட்டி மெஜாரிட்டியைக் கவிழ்ப்பதை நாம் ஒப்ப முடியுமா? ஒப்ப முடியாது. ஆனால் அதே சட்டம் நமது ஊரில் மாற்றுத் திறனாளித் தோழர் கையையும் கட்டிப் போடுகிறது. மேயருக்கு ஓட்டு இல்லை, பட்ஜெட்டுக்கு ஓட்டு இல்லை, நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு ஓட்டு இல்லை. ஓட்டில்லாதவர் வீட்டு வாசலுக்கு எந்தச் சேர்மன் வந்து நிற்பார்?

நியமிக்கிறவர் யார் என்பது இன்னொரு பெரிய விஷயம். ஜனங்கள் தேர்ந்தெடுத்தவர் ஜனங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதிகாரி நியமித்தவர் அதிகாரிக்கு வணக்கம் சொல்ல வேண்டும். ஆளும் கட்சி எதுவாயிருந்தாலும் இது சபலம்தான். வட்டச் செயலாளரின் மைத்துனருக்குக் கொஞ்சம் கால் வளைந்திருந்தால் சர்ட்டிபிகேட்டுக்குக் கஷ்டமிராது.

இதற்கு மாற்று வழி இல்லையா? இருக்கிறது. ஆப்பிரிக்காவில் உகாண்டா என்ற நாடு, நம்மைவிட ஏழை நாடு. 1997ம் வருஷத்து ஸ்தல ஸ்தாபனச் சட்டத்தில், ஒவ்வொரு கவுன்சிலிலும் மாற்றுத் திறனாளிகள் இரண்டு பேர் இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். அதிகாரி நியமிப்பதல்ல, மாற்றுத் திறனாளிகள் தங்களுக்குள் தேர்தல் நடத்தி அனுப்புவது. அந்த நாட்டு அரசாங்கத்தைப் பற்றி நமக்கு வேறு அபிப்பிராயங்கள் உண்டு, அது இங்கே வேண்டாம். அந்தச் சட்டத்தில் உள்ள ஒரு வரி நல்ல வரி.

ஆகவே நாம் கேட்பது இது. பார்லிமெண்டில் அரசியல் சட்டத்தைத் திருத்தி, பஞ்சாயத்திலும் நகரசபையிலும் மாற்றுத் திறனாளிகளுக்குத் தேர்தல் மூலமான, ஓட்டுரிமையுள்ள இடங்களை ஒதுக்க வேண்டும். அது வரும்வரை நியமனம் இருக்கட்டும். ஆனால் பேர் சொல்லும் உரிமை மாற்றுத் திறனாளிகளின் சங்கங்களுக்கும் கிராம சபைக்கும் இருக்கட்டும். மாற்றுத் திறனாளிகள் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் இந்தியா 2007லேயே கையெழுத்தும் ஒப்புதலும் போட்டிருக்கிறது. அதன் 29வது ஷரத்து அரசியல் வாழ்க்கையில் பங்குபெறும் உரிமையைச் சொல்கிறது. போட்ட கையெழுத்துக்கு மரியாதை வேண்டாமா?

சட்டம் வந்தால் மட்டும் போதுமா என்பீர்கள். போதாது. ரிசர்வ் தொகுதி வந்தபோது மேலவளவில் என்ன நடந்தது? பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனையும் இன்னும் ஆறு பேரையும் 1997 ஜூன் 30ல் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை தாழ்த்தப்பட்டவர் ஒருவரைத் தலைவராக உட்காரவிடவில்லை. சட்டம் இருந்தது; நாற்காலியும் இருந்தது. உட்கார வைத்தது இயக்கம். மாற்றுத் திறனாளி அங்கத்தினரை யாரும் வெட்டமாட்டார்கள், சத்தமில்லாமல் செய்வார்கள். கூட்டத்தை மாடியில் போடுவார்கள். அஜெண்டாவைப் பார்வையில்லாதவர் கையில் அச்சுத் தாளாகக் கொடுப்பார்கள். காது கேளாதவர் முன் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசுவார்கள். பிறகு, "அவர் கூட்டத்தில் ஒன்றுமே பேசுவதில்லை" என்று புகார் சொல்வார்கள்.

ஒரு தோழர் சீட்டெழுதி அனுப்பியிருக்கிறார்: "இப்படித் தனித்தனியாகப் பிரித்து இடம் கேட்டால் வர்க்க ஒற்றுமை சிதறாதா?" இந்தக் கேள்வி பெண்கள் இடம் கேட்டபோதும் வந்தது, தாழ்த்தப்பட்டவர்கள் கேட்டபோதும் வந்தது. ஒற்றுமை என்பது கை கால் உள்ளவன் முன்னால் நடப்பதும் மற்றவன் பின்னால் தவழ்வதுமா? நூறு நாள் வேலையில் மாற்றுத் திறனாளிகளுக்கு நாலு மணி நேர வேலை, முழுக் கூலி என்ற ஏற்பாட்டைத் தமிழ்நாட்டில் போராடித்தான் வாங்கினோம். அப்போது சில ஊர்களில் நம்முடைய கூலித் தோழர்களே, "அவனுக்கு மட்டும் என்ன?" என்று கேட்டதை நீங்கள் அறிவீர்கள். பஞ்சாயத்து மேஜையில் அவர்கள் ஆள் ஒருவர் இருந்திருந்தால், அந்தப் பேச்சை மேஸ்திரி தூண்டிவிட முடியாது. 2025 டிசம்பரில் டெல்லியில் அந்த வேலைச் சட்டத்தையே எடுத்துவிட்டு வேறு சட்டம் கொண்டுவந்தார்கள். வாங்கியதைக் காப்பாற்றும் வேலை இப்போது இரட்டிப்பாகியிருக்கிறது. இதைத் தனியாக ஒரு வகுப்பில் பேச வேண்டும்.

இன்னொரு சீட்டு ஒரு பெண் தோழருடையது. இதற்குப் பதில் சொல்லி முடிப்போம். "எனக்கு ஒரு கை போலியோவில் போனது. ஓட்டில்லாத அந்த மெம்பர் பதவிக்கு நான் மனுப் போடலாமா, கூடாதா? போட்டால் பொம்மையாகிவிட மாட்டேனா?" என்று கேட்கிறார்.

போடுங்கள், தோழரே. கட்டாயம் போடுங்கள். ஓட்டில்லை என்பது உண்மை. ஆனால் கூட்டத்தில் உட்காரலாம், பேசலாம். பேசியதை மினிட் புஸ்தகத்தில் எழுதச் சொல்லலாம். எந்த வேலைக்கு எவ்வளவு எஸ்டிமேட், யார் காண்ட்ராக்டர் என்பதை உங்கள் காதாலேயே கேட்கலாம். கேட்டதை வெளியே வந்து எங்களிடம் சொல்லலாம்! 28 ஜில்லாக்களில் 2025 ஜனவரி 5ம் தேதியோடு கிராமப் பஞ்சாயத்துகளின் காலம் முடிந்து, நிர்வாகம் தனி அதிகாரிகள் கைக்குப் போனது. அங்கெல்லாம் தேர்தலை உடனே நடத்து என்பதும் இதே கோரிக்கையின் பகுதிதான். சபையே இல்லாத இடத்தில் நாற்காலி எங்கிருந்து வரும்?

மனுவோடு வேறு மூன்று காகிதங்கள் தயாராக இருக்கட்டும். ஒன்று, மாற்றுத் திறனாளி அடையாள அட்டை. இது இல்லாதவர்கள் கிளைக்கு ஒருவர் விடாமல் பேர் கொடுங்கள், ஆஸ்பத்திரி முகாமுக்கு வண்டி வைத்து அழைத்துப் போகிறோம். ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும்: பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதம் வேண்டும், மில்லில் விரல் போனதற்கு ஈ.எஸ்.ஐ. போட்ட சதக் கணக்கு வேறு, இந்த சர்ட்டிபிகேட்டின் கணக்கு வேறு. இரண்டாவது, கிராம சபைத் தீர்மானத்தின் நகல். வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை இருக்கிறது. மே தினம் அதில் ஒன்று. அன்று காலையில் கொடியேற்றிவிட்டு அப்படியே கிராம சபைக்குப் போய், இந்த ஊருக்கு இன்னார் மாற்றுத் திறனாளி அங்கத்தினராக வரவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். அதிகாரி ஏற்காவிட்டாலும் காகிதம் நம்மிடம் இருக்கும். மூன்றாவது, உங்கள் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் எத்தனை படி, சாய்தளம் உண்டா, கக்கூஸ் கதவு வழியாகச் சக்கர நாற்காலி நுழையுமா என்று அளந்து எழுதிய ஒரு தாள். அளக்க டேப் வேண்டுமானால் கட்டட வேலைத் தோழர்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்தத் தாளையும் கொண்டுவாருங்கள்.